நீர் முள்ளை நம்பி எண்ணெயை மறக்காதீர்கள்

(வாகனப் பராமரிப்பு குறித்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய கருத்தரங்கில் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, 'வேகத்திறன் மிக்க கார்களில் எஞ்சின் எண்ணெய் எவ்வளவு சூட்டில் இருக்க வேண்டும்?' என்பது. இது பந்தயக்காரர்களின் சங்கதி, நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். ஆனால் நம் பிள்ளைகள் இன்று ஓட்டும் கார்களைப் பாருங்கள். சாத்ரியா ஜிடிஐ, சிவிக் டைப் ஆர், இம்ப்ரெஸா, லான்சர் எவொலுஷன், கோல்ஃப் ஜிடிஐ என்று நம் தாமான்களின் வீட்டு வாசல்களிலேயே இவை நிற்கின்றன. பெரும்பாலானவை பழைய கார்களாக, தவணைக் கடனில் வாங்கப்பட்டவை. எஞ்சின் போனால் காருக்கும் வழியில்லை, தவணையும் நிற்காது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் தம் காரை இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். டர்போ பொருத்திய பழைய ஜப்பானிய கார். வாங்கி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. முன்பணத்தை அவருடைய தந்தை தம் ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தார். எஞ்சினைப் பிரித்துப் பார்த்தோம். கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்குகள் செம்பு நிறம் தெரியும் அளவுக்குத் தேய்ந்து கிடந்தன. "அண்ணே, எண்ணெயைத் தவறாமல் மாற்றினேன். சூடு முள் ஒரு நாள்கூட நடுக்கோட்டைத் தாண்டியதில்லை" என்றார் அவர். இரண்டும் உண்மைதான்.

பிறகுதான் விசாரித்தோம். அவர் வீட்டிலிருந்து நெடுஞ்சாலைக் கட்டணச் சாவடிக்கு நான்கு நிமிடம். சாவடியைத் தாண்டியதும் தினமும் காலையில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்திருக்கிறார். முள் நடுவில் நின்றது, ஆகவே எஞ்சின் சூடாகிவிட்டது என்று நம்பினார். அந்த முள் காட்டியது நீரின் சூட்டை. எண்ணெயின் சூட்டை அவருக்குக் காட்ட அந்தக் காரில் எதுவுமே இல்லை.

இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். நீர் சூடானால் எண்ணெயும் சூடாகிவிட்டது என்று அர்த்தமில்லை. நீர் சரியாக இருந்தால் எண்ணெயும் சரியாக இருக்கிறது என்றும் அர்த்தமில்லை.

முள் நமக்குச் சொல்லாதது

ரேடியேட்டர் நீர் எஞ்சினின் மேற்பகுதியில், நெருப்பு எரியும் அறைகளைச் சுற்றி ஓடுகிறது. அதனால் விரைவாகச் சூடேறும். நம் ஊர்த் தட்பவெப்பத்தில் ஐந்து நிமிடம் ஓட்டினாலே முள் நடுவுக்கு வந்துவிடும். அதன்பின் தெர்மோஸ்டாட் அதை ஏறத்தாழ 85 முதல் 95 டிகிரி செல்சியசுக்குள் கட்டுப்படுத்தி வைக்கும்.

அந்த முள்ளும் முழு உண்மையைச் சொல்வதில்லை. பல கார்களில் நீரின் சூடு 75 டிகிரியிலிருந்து 105 டிகிரிக்கு மேல் போகும் வரையிலும் முள் நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி தயாரிப்பாளர்கள் அமைத்துவிடுகிறார்கள். முள் ஆடினால் வாடிக்கையாளர் பயந்து பட்டறைக்கு ஓடி வருவார் என்பதுதான் காரணம்.

எண்ணெயின் கதை வேறு. அது எஞ்சினின் அடியில் உள்ள தொட்டியில் நான்கைந்து லிட்டராகக் கிடக்கிறது. பம்ப் அதை மேலே தள்ளுகிறது. பேரிங்குகளிலும் பிஸ்டன்களிலும் பட்டுச் சூடேறி அது மறுபடியும் தொட்டியில் விழுகிறது. முழுத் தொட்டியும் சூடேற நேரம் பிடிக்கும். மிதமாக ஓட்டினால் நீர் தயாரான பிறகும் எண்ணெய் தயாராக இன்னும் ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகலாம்.

மேல்பக்கத்திலும் இதே வேறுபாடு உண்டு. நீரைத் தெர்மோஸ்டாட்டும் மின்விசிறியும் கட்டிப்போடுகின்றன. எண்ணெயைக் குளிரவைக்கத் தனிக் கருவி இல்லாத காரில், கடுமையாக ஓட்ட ஓட்ட எண்ணெயின் சூடு ஏறிக்கொண்டே போகும். நீர் 95-இல் நிற்கும்போது எண்ணெய் 130-ஐத் தொட்டிருக்கக்கூடும்.

பாகும் தண்ணீரும்

எண்ணெய் ஏன் சூட்டைப் பொறுத்து நல்லதாகவும் கெட்டதாகவும் மாறுகிறது? சர்க்கரைப் பாகு காய்ச்சும் நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம். சூடாக இருக்கும்போது பாகு தண்ணீராக ஓடும். ஆறினால் கரண்டியில் ஒட்டிக்கொள்ளும். எண்ணெயும் அப்படித்தான். இந்தக் குணத்தைப் பாகுத்தன்மை என்கிறோம். அதை அளக்கும் அலகு சென்டிஸ்டோக்ஸ்.

கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 5டபிள்யூ-40 வகைச் செயற்கை எண்ணெய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் பாகுத்தன்மை தோராயமாக இப்படி இருக்கும்:

30 டிகிரியில் – சுமார் 130
60 டிகிரியில் – சுமார் 40
80 டிகிரியில் – சுமார் 22
100 டிகிரியில் – சுமார் 14
120 டிகிரியில் – சுமார் 9
140 டிகிரியில் – 7-க்கும் கீழே

எஞ்சினை வடிவமைத்த பொறியாளர் 100 டிகிரியை ஒட்டிய எண்ணெயை மனத்தில் வைத்துத்தான் இடைவெளிகளைக் கணக்கிடுகிறார். எண்ணெய்ப் புட்டியில் உள்ள 40 என்ற எண்ணும் 100 டிகிரியில் அளந்ததுதான். எஸ்.ஏ.இ. தரவிதிப்படி, 100 டிகிரியில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருப்பது 40. 9.3 முதல் 12.5-க்குள் இருப்பது 30.

முன்னால் உள்ள 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கிறது. 5டபிள்யூ என்றால் உறைபனிக்கும் கீழே, மைனஸ் 30 டிகிரியில் எஞ்சின் திரும்புமா என்று சோதித்திருக்கிறார்கள். நமக்குத்தான் குளிர்காலம் இல்லையே, அந்த எண்ணைப் பற்றி என்ன கவலை என்று கேட்பவர்கள் உண்டு. அங்கேதான் நம்மவர்கள் ஏமாந்து போகிறோம். மேலே உள்ள பட்டியலை மறுபடியும் பாருங்கள். கோலாலம்பூரில் விடியற்காலையில் எஞ்சினைத் திருகும்போது எண்ணெய் 30 டிகிரிக்கும் கீழேதான் இருக்கிறது. வேலை செய்ய வேண்டிய நிலையைவிட ஒன்பது மடங்கு கெட்டியாக இருக்கிறது. நமக்கு வெயிலாகத் தெரிவது எண்ணெய்க்குக் குளிர்தான்.

குளிர்ந்த எண்ணெயில் மிதித்தால் என்ன ஆகும்?

கிராங்க் தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அந்த இடைவெளியில் எண்ணெய் ஒரு மெல்லிய படலமாக நின்று, இரும்பும் இரும்பும் உரசாமல் தண்டை மிதக்க வைக்கிறது. எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறதோ அவ்வளவு எண்ணெய் அங்கே தொடர்ந்து போய்ச் சேர வேண்டும்.

எண்ணெய் கெட்டியாக இருக்கும்போது பம்ப் அதைத் தள்ள முடியாமல் திணறும். அழுத்தம் அளவு மீறும்போது பாதுகாப்பு வால்வு திறந்து, எண்ணெயின் ஒரு பகுதியைத் தொட்டிக்கே திருப்பி அனுப்பிவிடும். ஃபில்டரின் தடையும் கூடிவிட்டால், வடிகட்டாத எண்ணெயே உள்ளே போகும். அழுத்தமானியில் முள் உயர்ந்து நிற்கும், பார்ப்பவருக்கு எல்லாம் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். ஆனால் அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு. குறுகிய துளைகளின் வழியே போய்ச் சேரும் எண்ணெய் குறைவாகத்தான் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. பிஸ்டன் அலுமினியம். பல பழைய எஞ்சின்களில் அதைச் சூழ்ந்த சிலிண்டர் வார்ப்பிரும்பு. அலுமினியம் சீக்கிரம் விரியும், இரும்பு மெதுவாக விரியும். இரண்டும் தத்தம் அளவுக்கு வந்து பொருந்துவதற்குள் முழுப் பலத்தையும் கேட்டால் தேய்மானம் கூடாமல் என்ன செய்யும்?

இந்தத் தேய்மானம் ஒரே நாளில் தெரியாது. அந்த இளைஞருக்கு ஏழு மாதம் பிடித்தது.

குறுகிய தூரம் மட்டுமே ஓடும் கார்களுக்கு வேறொரு கேடும் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. அதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே ஆவியாகப் போய்விடும். சிறிதளவு பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எண்ணெயோடு கலக்கும். எரியாத பெட்ரோலும் கூடவே இறங்கும். எண்ணெய் 90, 100 டிகிரிக்கு வந்து சிறிது நேரம் அங்கே நின்றால் இவை ஆவியாகி வெளியேறிவிடும். தினமும் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பும் காரில் எண்ணெய் அந்த நிலைக்கு வருவதே இல்லை. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் உட்பக்கம் வெண்மையாகத் தயிர் ஏடு போல ஒட்டியிருப்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அது இதன் அடையாளமாக இருக்கலாம். ஓய்வு கொடுத்து ஓட்டுவதாலேயே எஞ்சின் நீடித்து உழைக்கும் என்பது தவறான நம்பிக்கை.

அளவுக்கு மிஞ்சினால்

இப்போது எதிர்ப்பக்கத்துக்கு வருவோம். 140 டிகிரியில் பாகுத்தன்மை 7-க்கும் கீழே என்று பார்த்தோம். பேரிங்கில் உள்ள படலம் அந்த அளவுக்கு மெலிந்துவிட்டது. நாம் அளப்பது தொட்டியில் உள்ள எண்ணெயின் சூட்டைத்தான் என்பதையும் மறந்துவிடக் கூடாது. பேரிங்குக்குள் நசுங்கும் எண்ணெயின் சூடு அதைவிடக் கூடுதல். பிஸ்டன் வளையங்களின் அருகே அது 200 டிகிரியையும் தாண்டும். இதனால்தான் எண்ணெய்களை 150 டிகிரியில், பேரிங்கில் நசுங்குவது போன்ற நிலையில் வைத்துத் தனியாகவும் சோதிக்கிறார்கள்.

சூடு மிஞ்சினால் எண்ணெய் மெலிவதோடு நில்லாமல் கெட்டும் போகிறது. காற்றோடு சேர்ந்து எண்ணெய் பழுதாகும் வேகம், சூடு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் பொதுக்கணக்கு. 100 டிகிரியில் ஓடும் எண்ணெயும் 130 டிகிரியில் ஓடும் எண்ணெயும் ஒரே காலம் உழைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

டர்போ உள்ள கார்களில் கூடுதல் எச்சரிக்கை தேவை. அதன் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழல்கிறது. ஒரு பக்கம் பழுக்கக் காய்ந்த புகை. அந்தத் தண்டைத் தாங்குவதும் குளிரவைப்பதும் இதே எண்ணெய்தான். நெடுஞ்சாலையில் விரட்டி வந்து ஓய்வு நிலையத்தில் காரை நிறுத்தியதும் சாவியைத் திருகிவிட்டால் எண்ணெயின் ஓட்டம் நின்றுவிடும். உள்ளே தேங்கிய எண்ணெய் அந்தச் சூட்டில் கருகிக் கரியாகப் படியும். கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி வந்தாலே இதைத் தவிர்க்கலாம். புதிய கார்கள் பலவற்றில் டர்போவைச் சுற்றி நீரும் ஓடுகிறது என்றாலும் இந்தப் பழக்கத்தால் நட்டமில்லை.

நல்ல அளவு எது?

இனி நீங்கள் காத்திருக்கும் கணக்குக்கு வருகிறேன். சாலையில் ஓடும் வேகத்திறன் மிக்க கார்களுக்குப் பொதுவாக இப்படிக் கொள்ளலாம். உங்கள் காரின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

60 டிகிரிக்குக் கீழே: மென்மையாக மட்டுமே ஓட்டுங்கள். நிமிடத்துக்கு 3,000 சுற்றைத் தாண்ட வேண்டாம்.

60 முதல் 80 வரை: சாதாரணமாக ஓட்டலாம். முழு மிதி வேண்டாம்.

80 முதல் 90 வரை: எண்ணெய் தயாராகிவிட்டது. சுற்றைப் படிப்படியாகக் கூட்டலாம்.

90 முதல் 110 வரை: இதுதான் சிறந்த அளவு. நெடுஞ்சாலையில் சீராக ஓடும் ஆரோக்கியமான கார் பெரும்பாலும் இதற்குள்தான் நிற்கும்.

110 முதல் 120 வரை: மலைப்பாதையிலோ பந்தயத் திடலிலோ உழைக்கும்போது இது இயல்பு. நல்ல செயற்கை எண்ணெய் இதைத் தாங்கும்.

120 முதல் 130 வரை: கவனம் தேவை. காலைத் தளர்த்தத் தொடங்குங்கள்.

130-க்கு மேல்: விரட்டுவதை உடனே நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்துவிடாமல், மெதுவான ஓட்டத்தில் காற்றுப் படவிட்டு 110-க்குக் கீழே இறக்குங்கள். அந்த எண்ணெயை வழக்கமான தவணைக்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது.

எண்களைப் பார்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். உணர்கருவி எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து எண் மாறும். தொட்டியில் வைத்தால் ஓர் எண், குளிர்விப்பானைத் தாண்டிய பிறகு வைத்தால் அதைவிடக் குறைந்த எண். நண்பரின் காரில் 105, என் காரில் 115 என்று வீணாகக் கவலைப்படாதீர்கள். உங்கள் காருக்கு வழக்கமான எண் எது என்று தெரிந்துகொண்டு, அதிலிருந்து விலகினால் காரணம் தேடுங்கள்.

தயாரிப்பாளர்கள் என்ன செய்தார்கள்?

இது நான் பட்டறையில் உட்கார்ந்து கண்டுபிடித்த சங்கதியல்ல. போர்ஷே 911 கார் 1998 வரை காற்றாலும் எண்ணெயாலும் குளிரவைக்கப்பட்டது. அதில் ரேடியேட்டர் நீரே கிடையாது. ஆகவே ஓட்டுநருக்கு முன்னால் எண்ணெயின் சூட்டைக் காட்டும் முள்ளை வைத்தார்கள். எண்ணெய் ஏறத்தாழ 85 டிகிரிக்கு வந்த பிறகே வெளிக் குளிர்விப்பானுக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட்டையும் வைத்தார்கள். முதலில் சூடேறட்டும், பிறகு குளிரவைப்போம் என்பதே அதன் தத்துவம்.

2000-ஆம் ஆண்டு வெளிவந்த பி.எம்.டபிள்யூ. எம்3 இன்னும் ஒரு படி மேலே போனது. அதன் எஞ்சின் நிமிடத்துக்கு 8,000 சுற்று வரை போகும். காலையில் எஞ்சினைத் திருகியதும் சுற்றுமானியின் ஓரத்தில் மஞ்சள் விளக்குகள் வரிசையாக எரியும். எண்ணெய் சூடேற ஏற அவை ஒவ்வொன்றாக அணையும். விளக்கு எரியும் சுற்றுகளுக்குப் போகாதே என்று பொருள். அந்தக் காருக்குக் குறிக்கப்பட்ட எண்ணெய் 10டபிள்யூ-60. அத்தகைய எண்ணெயின் பாகுத்தன்மை நம் ஊரின் 30 டிகிரி காலையில் ஏறத்தாழ 250 சென்டிஸ்டோக்ஸ் இருக்கும். அந்த விளக்குகள் ஜெர்மனியின் பனிக்கு மட்டும் வைத்தவை அல்ல, நமக்கும் சேர்த்துத்தான்.

மறுபக்கத்துக்கு நிசான் 370இஸட் ஓர் எடுத்துக்காட்டு. 2009-ஆம் ஆண்டு மாதிரியாக அது விற்பனைக்கு வந்தபோது எண்ணெய்க் குளிர்விப்பான் இல்லாத கார்கள் பந்தயத் திடலில் சில சுற்றுகளிலேயே அளவு மீறிச் சூடேறின. எண்ணெய் ஏறத்தாழ 140 டிகிரியை நெருங்கியதும் காரின் கணினியே எஞ்சினின் சுற்றைக் குறைத்துத் தன்னைக் காத்துக்கொண்டது. பின்னாளில் குளிர்விப்பான் சேர்க்கப்பட்டது. மாறாக, மிட்சுபிஷி லான்சர் எவொலுஷன் கார்களின் முன்பகுதியில் தொழிற்சாலையிலேயே எண்ணெய்க் குளிர்விப்பான் பொருத்தி அனுப்பினார்கள்.

நம் சாலைகளில்

நம் நாட்டில் எண்ணெய் சூடேறும் இடங்கள் மூன்று.

முதலாவது மலைப்பாதை. கெந்திங் மலைக்கு ஏறும்போது குறைந்த கியரில், அதிகச் சுமையில், குறைந்த வேகத்தில் போகிறோம். எஞ்சின் கடுமையாக உழைக்கிறது, முகத்தில் படும் காற்றோ குறைவு. மேலே போய்ச் சேர்ந்ததும் உடனே அணைக்காமல் ஒன்றிரண்டு நிமிடம் ஓடவிடுங்கள்.

இரண்டாவது, விரட்டிய பிறகு வரும் நெரிசல். சூடேறிய எண்ணெயோடு கட்டணச் சாவடியில் மாட்டிக்கொண்டால் நீருக்கு மின்விசிறி இருக்கிறது. பம்பரின் ஓரத்தில் மின்விசிறியின்றி இருக்கும் எண்ணெய்க் குளிர்விப்பானுக்குக் காற்று கிடைக்காது.

மூன்றாவது செப்பாங் பந்தயத் திடல். ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள், இரண்டு நீண்ட நேர்ச்சாலைகள். 32, 33 டிகிரி வெயிலில் அங்கே தொடர்ந்து நான்கைந்து சுற்று முழு மிதியில் போனால் சாலைக்கென்று தயாரித்த கார் பெரும்பாலும் 120-ஐத் தாண்டிவிடும். நீண்ட வளைவுகளில் மெலிந்த எண்ணெய் தொட்டியின் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும் ஆபத்தும் உண்டு. அளவுகோலில் எண்ணெய் மேல்கோட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே இறங்குங்கள். மூன்று சுற்று விரட்டினால் ஒரு சுற்று ஆறவிடுங்கள்.

பொதுச் சாலையில் இந்தச் சோதனைக்கெல்லாம் இடமே இல்லை. நெடுஞ்சாலையின் உச்ச வரம்பு மணிக்கு 110 கிலோமீட்டர். அந்த வேகத்தில் எந்த நல்ல காரின் எண்ணெயும் கொதிக்காது. அங்கே உங்கள் முள் 120-ஐக் காட்டினால், ஒன்று காரில் கோளாறு இருக்கிறது அல்லது காலில் கோளாறு இருக்கிறது. ஓட்டத்தில் கனெக்டிங் ராட் முறிந்தால் அது எஞ்சின் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வரும். சூடான எண்ணெய் புகைக்குழாயில் பட்டால் தீப்பிடிக்கும், பின் சக்கரத்தில் பட்டால் கார் வழுக்கும். பணம் மட்டுமே போகும் என்று எண்ணிவிடாதீர்கள்.

நேயர்கள் கேட்டவை

கெட்டியான எண்ணெய் ஊற்றினால் சூடு குறையுமா என்று ஒருவர் கேட்டார். குறையாது. கெட்டியான எண்ணெய் நசுங்கும்போது உராய்வு கூடும், உராய்வு கூடினால் சூடும் கூடும். 5டபிள்யூ-30 குறித்த எஞ்சினில் 10டபிள்யூ-60 ஊற்றினால் காலையில் எண்ணெய் போய்ச் சேரத் தாமதமாகும். வால்வு நேரத்தை எண்ணெய் அழுத்தத்தால் மாற்றும் கருவிகளும் தடுமாறும். கையேட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட தரங்கள் அனுமதிக்கப்பட்டிருந்தால், திடலுக்குப் போகிறவர்கள் அவற்றுள் கெட்டியானதைத் தேர்ந்தெடுக்கலாம். சூடுதான் பிரச்சினை என்றால் அதற்கு மருந்து குளிர்விப்பான்.

அப்படியானால் எல்லாரும் பெரிய குளிர்விப்பான் பொருத்திவிடலாமா? இது அடுத்த கேள்வி. தெர்மோஸ்டாட் இல்லாமல் பொருத்தினால் இரவு நேர மழையில் நெடுஞ்சாலையில் போகும்போது எண்ணெய் 70-ஐத் தாண்டாமலே கிடக்கும். நீரும் பெட்ரோலும் ஆவியாகாமல் தங்கிவிடும். 80, 85 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் உள்ள அடித்தட்டோடு பொருத்தச் சொல்லுங்கள். குழாய் இணைப்புகளில் கசிவு இல்லையென்று உறுதிசெய்யுங்கள். மலைக்கோ திடலுக்கோ போகாத காருக்கு அது தேவையே இல்லை.

காலையில் எவ்வளவு நேரம் எஞ்சினை ஓடவிட்டு நிற்க வேண்டும் என்று ஓர் அம்மா கேட்டார். அரை நிமிடம் போதும். பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டால் எண்ணெய் மிக மெதுவாகத்தான் சூடேறும், பெட்ரோலும் வீண். மெதுவாக ஓட்டிக்கொண்டே சூடேற்றுவதுதான் சிறந்த வழி.

என் காரில் எண்ணெய் முள் இல்லையே, என்ன செய்வது என்றார் ஒரு தம்பி. புதிய கார்கள் பலவற்றில் திரையின் பட்டியலுக்குள் அந்த எண் ஒளிந்திருக்கும், தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால் தொட்டியிலோ ஃபில்டர் அடியிலோ உணர்கருவி வைத்து ஒரு வெப்பமானி பொருத்திக்கொள்ளலாம். பெரிய சக்கரத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவழிப்பதில் ஒரு சிறு பங்குதான் ஆகும். அதற்கும் வழியில்லையா? நீர் முள் நடுவுக்கு வந்த பிறகு இன்னும் பத்து நிமிடம் மென்மையாக ஓட்டுங்கள். அந்தப் பத்து நிமிடத்துக்குப் பணம் எதுவும் செலவாகாது.

முடிவாக

அந்த இளைஞரின் காரை நாங்கள் மறுபடியும் ஓடவைத்தோம். புதிய பேரிங்குகள், கடைந்து சரிசெய்த கிராங்க் தண்டு, இரண்டு மாத வேலை. அவர் வீட்டில் அதற்காக என்னென்ன செலவுகளைத் தள்ளிப்போட்டார்கள் என்பதை அவருடைய தந்தைதான் ஒரு நாள் என்னிடம் சொன்னார். காரை எடுக்க வந்தபோது அந்தத் தம்பி தாமாகவே ஒரு எண்ணெய் வெப்பமானியை வாங்கி வந்து பொருத்தச் சொன்னார்.

இப்போதும் எண்ணெய் மாற்ற வருகிறார். வேகம் மேல் அவருக்கு இருந்த ஆசை போய்விடவில்லை. போக வேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை. ஆசைப்படுகிறவர்கள் திடலுக்குப் போங்கள், முறைப்படி ஓட்டுங்கள். ஆனால் முழு மிதி மிதிப்பதற்கு முன், எண்ணெய் 80-ஐத் தொட்டதா என்று ஒரு முறை பாருங்கள். விரட்டிக்கொண்டிருக்கும்போது 130-ஐ நெருங்குகிறதா என்று மறுமுறை பாருங்கள். இந்த இரண்டு எண்களை மட்டும் நினைவில் வைத்திருந்தால், அப்பா கொடுத்த முன்பணம் பட்டறையில் கரையாது.